ஹாலில் உட்கார்ந்திருக்கும் எஞ்சின்

காலைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் வச்சுக்குங்கம்மா. இந்தச் சாக்குல எண்ணெய் இருக்கு, உங்க புடவையில பட்டா போகவே போகாது. மேலே வைக்கலாம்னா கண்டக்டர் வேண்டாம்னுட்டார். பிரேக் போடும்போது யார் தலையிலயாவது விழுந்தா யார் பதில் சொல்றதுன்னு கேக்கறார். நியாயம்தான். நல்ல கனமான இரும்பு. அதான் கால் நடுவுல வச்சுக்கிட்டு வரேன்.

என்னதுன்னு கேக்கலாமா வேண்டாமான்னு பார்க்கறீங்க. கேளுங்க, அதுல ஒண்ணும் ரகசியம் இல்லை. கப்ளிங். அப்படின்னா, எஞ்சின் ஒரு பக்கம் இருக்கும், தண்ணிக்குள்ள சுத்தற விசிறி ஒரு பக்கம் இருக்கும். விசிறியிலேர்ந்து ஒரு கம்பி வரும், அதை ஷாஃப்ட்டுன்னு சொல்வாங்க. அந்த ஷாஃப்ட்டையும் எஞ்சினையும் முகத்தோட முகம் சேர்த்து முடுக்கற வட்டுதான் இது. ஆமா, போட்டுக்கு. எங்களுக்கு ஒரு போட் இருக்கு. எங்களுக்குன்னா அவருக்கு. எனக்கும் அந்த போட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நீங்க சிதம்பரமா? நான் கடலூர் முதுநகர்ல இறங்கணும். இன்னும் நேரம் கிடக்கு.

எங்க வீட்டு ஹால்ல ஒரு டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும்மா. டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவுல. கார்த்திகை மாசத்துலேர்ந்து உட்கார்ந்திருக்கு. வர்றவங்க எல்லாம், "என்னங்க இது, ஜெனரேட்டரா?"ன்னு கேக்கறாங்க. பழைய புடவை ஒண்ணைப் போர்த்தி வச்சிருக்கேன். அவர் அது மேலதான் காபி டம்ளரை வைக்கிறார். கார்த்திகை தீபத்தன்னைக்கு ஹால்ல விளக்கு வைக்க வேற இடம் இல்லாம அது தலையிலயும் ஒரு அகல் வச்சேன். டேங்க் காலியா இருக்கான்னு பார்த்துட்டுதான் வச்சேன். இப்படி ஒரு வீட்டுல குடும்பம் நடத்த முடியுமா, சொல்லுங்க. அந்த எஞ்சின் ஹாலை விட்டுப் போகணும். அதுக்குத்தான் இந்த அலைச்சல். வேற ஒண்ணும் இல்லை.

எங்க வீட்டுக்காரர் பஸ் டிப்போவுல ஸ்டோர் கீப்பரா இருந்து ரிடையர் ஆனவர். பேரு தெய்வசிகாமணி. ரிடையர் ஆனா மத்தவங்க என்ன பண்ணுவாங்க? மாடியில ஒரு ரூம் எடுப்பாங்க, காசிக்குப் போவாங்க. இவர் போட் வாங்கினார். மீன் பிடிக்கவும் இல்லை, வாடகைக்கு விடவும் இல்லை. புதுச்சேரிப் பக்கம் ஒரு ரிசார்ட்டை மூடினாங்க, அவங்க விருந்தாளிங்களை ஏத்திக்கிட்டுச் சுத்தின ஃபைபர் போட் அது. சின்னதுதான், ஆறு பேர் உட்காரலாம். கட்டுமரத்துல எல்லாம் எஞ்சின் பின்னாடி தொங்குமே, இது அப்படி இல்லை. நடுவுல ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள்ளேயே எஞ்சின் உட்கார்ந்திருக்கும்.

"எதுக்குங்க நமக்கு இது?"ன்னேன்.

"சும்மா"ன்னார்.

அதையே பேரா எழுதிட்டார். முன்பக்கத்துல, நீலப் பெயிண்ட்ல, கொட்டை எழுத்துல, ‘சும்மா’. படித்துறையில மீன் இறக்கற பசங்க, "சார், சும்மா கிளம்பிடுச்சா?"ன்னு கேக்கறதும், இவர் உள்ள உட்கார்ந்துக்கிட்டு கையை ஆட்டறதும்... எனக்கு மானமே போகும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உப்பனாத்துல கிளம்பி, ஆறு கடல்ல சேர்ற கழிமுகம் வரைக்கும் போவார். அங்க எஞ்சினை அணைப்பார். டீ குடிப்பார். திரும்பி வருவார். அவ்வளவுதான் இந்தக் கதை. கூட கமாலுதீன் பாய் வருவார். அவர் அதே டிப்போவுல மெக்கானிக்கா இருந்தவர், இவருக்கு அவர்தான் உசுரு. நானும் போவேன். பிடிச்சுப் போகலை. நான் போகலைன்னா அந்த ரெண்டு பேரும் பிளாஸ்க்கைத் தண்ணியில போட்டுட்டு வருவாங்க. ஒரு தடவை போட்டாங்க. அதனால போவேன். முன்பக்கம் இடது ஓரம் என் இடம், அங்கதான் சாரல் அடிக்காது. கழிமுகத்துல எஞ்சினை அணைச்சதும் திடீர்னு ஒரு அமைதி வரும் பாருங்க, அப்போ போட் தானா லேசா ஏறி இறங்கும்... அதை விடுங்க. எனக்கு அதுல எல்லாம் ஈடுபாடு இல்லை.

ஆயுத பூஜை அன்னைக்கு நடந்ததைச் சொன்னாதான் உங்களுக்குப் புரியும்.

எங்க வீட்டுல ஆயுத பூஜையை நான் அரைகுறையா பண்ண மாட்டேன். கத்திரிக்கோல், அரிவாள்மனை, தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, எல்லாத்தையும் முந்தின நாளே கழுவித் துடைச்சுப் பொட்டு வச்சுடுவேன். போன வருஷம் போட் இருக்கே, அதை விட முடியுமா? போட்டை ஹாலுக்குக் கொண்டுவர முடியாது. அதனால, "பேட்டரியையாவது கழட்டிக்கிட்டு வாங்க, அதுலதானே அதோட உயிரு இருக்கு"ன்னேன்.

அவர், "மழை பெஞ்சா உள்ள தண்ணி நிக்கும் வேதா. அதை இறைக்கற மோட்டார் இந்த பேட்டரியிலதான் ஓடுது"ன்னார்.

"ஒரு நாள்ல என்ன ஆயிடும்?"னேன். வானம் அப்போ பளிச்னு இருந்தது. பொய் சொல்லலை, ஒரு மேகம் கிடையாது.

பேட்டரி வந்தது. கூடவே பாயோட ஸ்பேனர் செட்டும் வந்தது. பாய் மக வீட்டுல இருக்கார், அங்க இடம் இல்லைன்னு அவர் சாமானெல்லாம் எங்க வீட்டுல, மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கும். அதையும் எடுத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சேன். சின்னதுலேர்ந்து பெரிசு வரைக்கும் வரிசையா வச்சு, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், குங்குமம், தலையில ஒரு செவ்வந்தி. அவ்வளவு அழகா இருந்தது. பாய்க்கு அதை போட்டோ எடுத்து அனுப்பணும்னுகூட நினைச்சேன்.

ராத்திரி மழை கொட்டித் தீர்த்துடுச்சு. புரட்டாசி கடைசியில அப்படி ஒரு மழையை யார் எதிர்பார்த்தா? அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? விடிஞ்சதும் படித்துறைப் பசங்க போன் பண்ணாங்க. ‘சும்மா’ கழுத்தளவு தண்ணியில நிக்குதாம். மழைத்தண்ணி உள்ள நிறைஞ்சு, பின்பக்கம் தாழ்ந்து, ஆத்துத்தண்ணியும் ஏறிடுச்சு. உப்பனாத்துத் தண்ணின்னா உப்புத்தண்ணி. எஞ்சின் முழுசா முழுகிடுச்சு. இவர் சட்டையைக்கூட மாட்டாம ஓடினார்.

நான் பூஜையைப் பண்ணேன். அதை நிறுத்த முடியாதில்லையா?

கற்பூரம் காட்டி முடிச்ச நேரம், பாய் வாசல்ல வந்து நிக்கறார். லுங்கி முட்டி வரைக்கும் சேறு.

"தங்கச்சி, என் ஸ்பேனர் செட்டை எடும்மா. தண்ணியை இறைச்சு போட்டை மேல தூக்கிட்டோம். இன்னைக்கே எஞ்சினைத் திறந்து உள்ள இருக்கற தண்ணியை எடுத்து, டீசலை ஊத்தி வச்சுடணும். நாளைக்குன்னா துரு பிடிச்சு இறுகிடும்."

"அண்ணே, இப்போதான் கற்பூரம் காட்டினேன். பூஜையில வச்சதை இன்னைக்குத் தொடக்கூடாது. நாளைக்குக் காலையில மறுபூஜை முடிஞ்சதும் முதல் ஆளா உங்களுக்குத்தான்"னேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

பாய் உள்ள எட்டிப் பார்த்தார். பூ வச்ச ஸ்பேனரை எல்லாம் பார்த்தார். "அது என்னோடதும்மா"ன்னார்.

"தெரியும்ணே. அதான் உங்க சாமானுக்குத்தான் முதல் பொட்டு வச்சேன்."

பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டார். என் மேல கோபம் இருந்தா வாங்கியிருப்பாரா? அதைத்தான் நான் கேக்கறேன்.

வேற யார்கிட்டயாவது ஸ்பேனர் வாங்கியிருக்கலாமேன்னு உங்களுக்குத் தோணுது. எங்கம்மா கிடைக்கும்? ஊர்ல எந்த ஷெட்டுக்குப் போனாலும் ஸ்பேனருக்குப் பொட்டு வச்சிருக்கு. பாய் பஸ் ஏறிப் பரங்கிப்பேட்டைக்குப் போய் மச்சான்கிட்ட ஒரு செட் வாங்கிட்டு வந்தார். வர்றதுக்குள்ள இருட்டிடுச்சு, மழையும் பிடிச்சுக்கிட்டது. பாய் அவர் சாமானை அவர் வீட்டுல வச்சிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. நான் அதை யார்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்ட சொல்றேன்.

மறுநாள் விஜயதசமி. சொன்ன வார்த்தை மாறாம விடிகாலையிலேயே மறுபூஜை பண்ணி ஸ்பேனரையும் பேட்டரியையும் கொடுத்துட்டேன். கொடுத்துட்டு நானும் படித்துறைக்குப் போனேன், எலுமிச்சம்பழத்தோட. விஜயதசமி அன்னைக்கு நல்ல நேரத்துல மிஷினை ஒரு தடவை ஓட்டணும், அது வழக்கம். தையல் மிஷின்ல நான் ஒரு தையல் போட்டுட்டுத்தான் போனேன். போய்ப் பார்த்தா பாய் எஞ்சின் மேல குனிஞ்சு, எதையோ கழட்ட முடியாம மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கார். இறுகிப் போச்சாம். இவர் பேட்டரியை மாட்டிட்டு உட்கார்ந்திருக்கார். நல்ல நேரம் முடியப் போகுது.

"ஒரு சத்தம் வந்தா போதுங்க. உடனே அணைச்சுடுங்க"ன்னேன்.

பாய் நிமிராமலே, "சிகாமணி, தொடாதே. உள்ள இன்னும் தண்ணி நிக்குது"ன்னார்.

எங்க வீட்டுக்காரர் பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையில இருந்த எலுமிச்சம்பழத்தையும் பார்த்தார். ஸ்டார்ட் பண்ற ஸெல்ஃப் பட்டனை அமுக்கிட்டார்.

தேங்காயை ஒரு அண்டாவுக்குள்ள வச்சு உடைச்ச மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒரே ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணும் இல்லை.

பாய் அப்புறமா எனக்குப் புரிய வச்சார். காத்துன்னா அமுங்குமாம், தண்ணி அமுங்காதாம். மேலே வர்ற பிஸ்டன் தண்ணியில முட்டி, அதைத் தாங்கற கம்பி வளைஞ்சு, பக்கத்துச் சுவரையே உடைச்சுக்கிட்டு வெளியே வந்துடுச்சு. இனி அந்த எஞ்சின் பழைய இரும்புக்குத்தான் போகும்னார். எஞ்சினையே மாத்தணும்.

இதுல நான் என்ன பண்ணேன், நீங்களே சொல்லுங்க. மழை பெய்ய வச்சேனா? அமுக்கினது அவர் விரல்தானே?

சரி, ஒரு மனுஷன் என்ன பண்ணணும்? "எல்லாம் உன்னாலதான்"னு ரெண்டு வார்த்தை திட்டணும். நானும் ரெண்டு வார்த்தை திருப்பிக் கொடுப்பேன். அவர் சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே போவார், திரும்பி வரும்போது கீரை வாங்கிட்டு வருவார். எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான். அன்னைக்கு அவர் வீட்டுக்கு வந்தார், குளிச்சார், சாப்பிட உட்கார்ந்தார். "ரசம் நல்லா இருக்கு"ன்னார். அன்னைக்கு நான் ரசத்துல புளியே போடலைம்மா. மறந்துட்டேன். வாயில வச்சதும் தெரிஞ்சிருக்கும். "நல்லா இருக்கு"ங்கறார்.

அன்னைலேர்ந்து அப்படித்தான். கேட்டதுக்குப் பதில் சொல்வார். மருந்து எடுத்துக் கொடுத்தா, "தேங்க்ஸ்"ங்கறார். கட்டின பொண்டாட்டிகிட்ட யாராவது தேங்க்ஸ் சொல்வாங்களா? யாரோ வீட்டுல விருந்தாளியா இருக்கற மாதிரி இருக்கு எனக்கு. திட்டாத மனுஷனோட எப்படிச் சண்டை போடறது?

இதுதான் மரக்காணம். பார்த்தீங்களா, ரெண்டு பக்கமும் உப்பளம். இந்த ஊர்க்காரன் ஒருத்தன்தான்... அதுக்கு வரேன்.

எஞ்சின் மாத்தறதுன்னா ஏதோ ஃபேன் மாத்தற மாதிரின்னு நான் நினைச்சேன். அதுக்கு முதல்ல பழசை வெளியே எடுக்கணும். கரையில மூணு சவுக்குக் கழியை நட்டு, உச்சியில சேர்த்துக் கட்டி, செயின் பிளாக்கைத் தொங்கவிட்டுத் தூக்கினாங்க. கிணத்துலேர்ந்து மாட்டைத் தூக்கற மாதிரி ஊரே வேடிக்கை பார்த்தது. புதுசுன்னு சொல்றேனே தவிர அதுவும் பழசுதான், சென்னையில உடைச்ச ஒரு போட்டுலேர்ந்து எடுத்தது. வித்தவன் ஓட்டிக் காட்டித்தான் கொடுத்தான். நல்ல எஞ்சின். டெம்போவுல வந்து இறங்கின அன்னைக்கு மழை, படித்துறையில வைக்க முடியாதுன்னு ஹாலுக்கு வந்தது. அப்படித்தான் அது குடிவந்தது.

பழைய எஞ்சினோட கால் அகலம், இதோட கால் குறுகல். அதனால எஞ்சின் உட்கார்ற ரெண்டு கட்டையையும் மாத்தினாங்க. எஞ்சின் பின்னாடி ஷாஃப்ட்டைப் பார்த்து நிக்கற கியர் இதுல கொஞ்சம் உயரத்துல இருக்கு, ஷாஃப்ட் கீழே இருக்கு. ரெண்டு முகமும் ஒண்ணுக்கொண்ணு நேரா பார்க்கணும், சுத்தி எந்தப் பக்கம் காகிதத்தை நுழைச்சாலும் ஒரே மாதிரி இடைவெளி இருக்கணும். இல்லைன்னா ஓடும்போது ஷாஃப்ட் உதறும், ஷாஃப்ட் வர்ற ஓட்டையில தண்ணி உள்ள வரும். எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்காதீங்க. டீ கொண்டுபோய்க் கொடுக்கும்போது காதுல விழறதுதான்.

கட்டை எல்லாம் மாத்தி, எஞ்சினை இறக்கி, எல்லாம் பண்ணி முடிச்சா, கப்ளிங் சேரலை. ஓட்டையும் சேரலை, நடுவுல இருக்கற படியும் சேரலை. ஒரு வட்டுல நடுவுல மேடா ஒரு படி இருக்கும், அது எதிர் வட்டோட பள்ளத்துல கச்சிதமா உட்காரணும். உள்ளூர் லேத்துல ஒண்ணு கடைஞ்சாங்க. படி லூசு. எஞ்சினைப் போட்டதும் போட் மொத்தமும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நடுங்குது. இன்னொண்ணு கடைஞ்சாங்க. அது வார்ப்பு இரும்பு, நட்டை முடுக்கும்போதே கீறல் விட்டுடுச்சு.

அந்தக் கீறலைப் பார்த்துட்டு அவர் ஸ்பேனரைக் கீழே வச்சார். "போதும் பாய்"னார். பாய், "இன்னொண்ணு பார்க்கலாம்டா"ன்னார். "இல்லை, போதும்." எஞ்சினைத் திரும்பத் தூக்கிக் கொண்டுவந்து அதே ஹால்ல, அதே இடத்துல வச்சுட்டு டி.வி. பார்க்க உட்கார்ந்துட்டார். தை மாசம் முழுக்க டி.வி. என்ன ஓடுதுன்னு கேட்டா அவருக்கே தெரியாது. பாய் ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போனார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா பழக்கதோஷத்துல நான் பிளாஸ்க்கை எடுத்துக் கழுவிடறேன். கழுவிட்டுத் திரும்ப உள்ள வைக்கிறேன்.

போன வாரம் என்கிட்ட சொல்றார், "போட்டை வித்துட்டேன். மரக்காணத்துக்காரர் ஒருத்தர், ஞாயித்துக்கிழமை காலையில லாரி கொண்டு வரார்."

ஞாயித்துக்கிழமைன்னா நாளைக்கும்மா.

"எதுக்கு வாங்கறார்? ஓட்டவா?"ன்னு கேட்டேன். இல்லையாம். ரோட்டோரம் ஓட்டல் வச்சிருக்காராம். வாசல்ல அதை நிறுத்தி, உள்ள மண்ணைக் கொட்டிச் செடி வைக்கப் போறாராம். சாப்பிட வர்றவங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்களாம். ‘சும்மா’ங்கற பேரு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம், அதை மட்டும் அழிக்க வேண்டாம்னு சொன்னாராம்.

"நல்லதாப் போச்சு"ன்னு சொல்லிட்டு நான் அடுப்படிக்குப் போயிட்டேன். எனக்கென்ன வந்தது? ஹால் காலியாகும். ஆனா பாருங்க, செடி வைக்கறதுக்கா அதை வாங்கினோம்? என் இடத்துல, முன்பக்கம் இடது ஓரத்துல, குரோட்டன்ஸ் செடி உட்காருமா?

அதுக்கப்புறம் பாய்க்குப் போன் பண்ணேன். "கப்ளிங்குக்கு எதை எதை அளக்கணும்?"னு கேட்டேன். அவர் சொல்லிட்டு, "தங்கச்சி, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ"ன்னார். எதுக்குச் சொல்லணும்? அவர் என்கிட்ட கேட்டா வித்தார்? மத்தியானம் அவர் தூங்கும்போது எஞ்சினைப் போர்த்தின புடவையை விலக்கிட்டு, தேதி கிழிச்ச காலண்டர் தாளை எஞ்சினோட கியர் முகத்துல வச்சு அழுத்தினேன். கிரீஸ்ல ஓட்டையெல்லாம் அப்படியே அச்சு விழுந்தது. படித்துறைக்குப் போய் ஷாஃப்ட்டுல மாட்டியிருந்த அந்தக் கீறல் விட்ட வட்டைப் பசங்களை விட்டுக் கழட்டிக்கிட்டேன். பள்ளத்தோட அளவுக்கு மட்டும் வெர்னியர் வேணும், நூலளவு பிசகைக்கூடக் காட்டற அளவுகோல். அது அவர் வெர்னியர். டிப்போவுல ரிடையர் ஆனப்போ கொடுத்தது. வெல்வெட் பெட்டியில இருக்கும், பாயைக்கூடத் தொட விட மாட்டார். அதை எடுத்துக்கிட்டேன். தாம்பரத்துல அக்காவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டுக் காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சுட்டேன்.

சென்னையில லேத்துக்காரர் என்னைப் பார்த்துட்டு, "என்னம்மா, மாவு மிஷினுக்கா?"ன்னார். காலண்டர் தாளைக் கொடுத்தேன். பள்ளம் இவ்வளவு, படி இவ்வளவு வேணும்னேன். கடைஞ்சு கொடுத்தார். வெர்னியரை வச்சுப் பார்த்தேன், நூலளவு குறைச்சல். "இது லூசா போகும், வேற போடுங்க"ன்னேன். "இதெல்லாம் ஒண்ணும் பண்ணாதும்மா"ன்னார். "ஏற்கெனவே ஒருத்தர் இப்படித்தான் சொன்னார், போட் பல்லைக் கடிச்சுது"ன்னேன். முனகிக்கிட்டே வேற இரும்பை எடுத்து மாட்டினார். முடிச்சுட்டுக் கேக்கறார், "அந்த போட்டுல நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"டீ ஊத்தறேன்"னேன்.

என்னம்மா சொன்னீங்க? மன்னிப்பா? அவர்கிட்ட நானா? நல்லாயிருக்கே. இவ்வளவு நேரம் சொன்னேன், நான் பண்ண தப்புன்னு ஒண்ணைக் காட்டுங்க பார்ப்போம். காட்ட முடியாது. நீங்க சின்னப் பொண்ணு, உங்களுக்கு...

இருங்க, போன். அவர்தான்.

ஹலோ. ம். அக்கா வீட்டுலதான். இப்போ பரவாயில்லை. பஸ் சத்தமா? இங்க வாசல்லயே பஸ் ஸ்டாப்புதானே. என்னது? எந்த வெர்னியர்? பெட்டி காலியா இருந்தா நான் என்ன பண்ணுவேன்? பாயா? பாய் என்ன சொன்னார்? எல்லாத்தையும் சொல்லிட்டாரா?

மெதுவாப் பேசுங்க, பக்கத்துல ஆள் இருக்காங்க. நான் கத்தலை, நீங்கதான் கத்தறீங்க. நானா? நானா சொன்னேன்? ஒரு சத்தம் வந்தா போதும்னுதான் சொன்னேன், எஞ்சினை உடைங்கன்னா சொன்னேன்? மழையையும் நான்தான் வரவழைச்சேனா? ஆமா, பூஜை பண்ணேன். வருஷா வருஷம் பண்ணுவேன். இந்த வருஷமும் பண்ணுவேன். முடிஞ்சா தடுத்துப் பாருங்க.

என்ன? படியா? இருங்க, சொல்றேன். சரியா இருக்கு. நூல் பிசகாம இருக்கு. மூணு தடவை வச்சுப் பார்த்தேன். இல்லை, வார்ப்பு இல்லை, உருட்டு இரும்புலதான் கடையச் சொன்னேன். ம். ம். சரி. பாண்டி தாண்டியாச்சு. வீட்டுக்குப் போய் முகம் கழுவிட்டு வரேன். சரி. சரிங்கறேன்ல. வைங்க.

கேட்டீங்களா? நான் ஸ்பீக்கர்கூடப் போடலை, முன் சீட்டுக்காரர் வரைக்கும் திரும்பிப் பார்த்துட்டார். என்ன சொல்றார் தெரியுமா? "பேட்டரியைக் கழட்டச் சொன்னது நீ, ஸ்பேனரைக் கொடுக்க மாட்டேன்னது நீ, ஸெல்ஃபை அமுக்கச் சொன்னது நீ, இப்போ வெர்னியரையும் திருடிக்கிட்டுப் போயிட்டியா"ங்கறார். "உன்னை மாதிரி ஒரு பிடிவாதக்காரியை உப்பனாத்துக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எங்கயும் பார்க்க முடியாது"ங்கறார். பாருங்கம்மா, எவ்வளவு அநியாயம். புரட்டாசியில நடந்ததை மாசி மாசம் வரைக்கும் மனசுலயே வச்சிருந்து, வார்த்தை வார்த்தையா வரிசை மாறாம சொல்றார். நானும் விடலை, நீங்கதான் கேட்டீங்களே.

அவ்வளவு கத்தினவர் படி சரியா இருக்குன்னதும், "மரக்காணத்துக்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்"ங்கறார். அவர் குரல் எனக்குத் தெரியாதா? அது பழைய குரல்.

நான் ஒண்ணும் இதுக்காகப் போகலை. ஹால் காலியாகணும், அதுக்குத்தான் போனேன். அதுல மாத்தம் இல்லை.

அதோ விளக்கு தெரியுதே, அதான் எங்க ஊர்ப் பாலம். அங்கேயே இறங்கச் சொல்லிட்டார். பாயும் அவரும் எஞ்சினை டெம்போவுல ஏத்திக்கிட்டு வந்துடுவாங்களாம், நேரா படித்துறைக்குப் போய் இப்பவே மாட்டிப் பார்க்கணுமாம். வீட்டுக்குப் போய் முகம் கழுவிட்டு வரேன்னேன். அதெல்லாம் அப்புறமாம். ஒரு கை பிடிங்கம்மா, சாக்கோட அடியில பிடிங்க. வட்டோட முகத்துல கை வைக்காதீங்க, கீறல் விழுந்தா சரியா உட்காராது.

காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டது. இந்த ஆளுக்காக ஊரெல்லாம் அலைஞ்சுட்டு வரேன். படியைக் கேட்டார், பள்ளத்தைக் கேட்டார், இரும்பு என்ன இரும்புன்னு கேட்டார். சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டாரா, பாருங்க.